சூடான பிறகு ஸ்டார்ட் ஆகாத 2002 பெட்ரோல் செடான்: எங்கிருந்து தேடுவது?

வேலூர் செடான் | ஞாயிறு இரவு

வணக்கம். அப்பா 2002இல் வாங்கிய 1.3 லிட்டர் பெட்ரோல் செடான், நாலு சிலிண்டர், எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் வகை). கம்பெனி பெயரை வேண்டுமென்றே போடவில்லை. அந்தக் காலத்து வண்டிகள் பெரும்பாலும் ஒரே அமைப்புதான், பெயர் வந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு நொடிகூட ஆகாது, எடுத்துவிடும். ஓடும்போது ஒரு குறையும் இல்லை. மாதம் ஒருமுறை அப்பா அம்மாவைத் திருவண்ணாமலைக்குக் கூட்டிப்போவேன், வழியில் போளூரில் டீக்கு நிறுத்துவோம். கால் மணி நேரம் கழித்து வந்து சாவி போட்டால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் எடுக்காது. பத்துப் பன்னிரண்டு நொடி விட்டு விட்டு அடித்தால் தடுமாறி எடுக்கும், பின்னால் கரும்புகை குப்பென்று வரும். நிறுத்திய ரெண்டு நிமிஷத்துக்குள் போட்டால் தொல்லை இல்லை. ஒரு மணி நேரம் கழித்துப் போட்டாலும் இல்லை. நடுவில் பத்து நிமிடத்திலிருந்து நாற்பது நிமிடம் வரைதான் தகராறு.

இதுவரை மாற்றியவை: பிளக் செட், பேட்டரி, பெட்ரோல் ஃபில்டர், மூன்று மாதம் முன்பு டேங்க் பம்ப். மொத்தம் 14,000 ரூபாய். பம்ப் மாற்றிய பிறகு தொல்லை கொஞ்சம் கூடியது போலவே தோன்றுகிறது, உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. இப்போது மெக்கானிக், "ஈசியு போயிடுச்சு, பழையது ஒன்று 18,000க்கு இருக்கு" என்கிறார். இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரைத்தான் ஈசியு என்கிறார். போன தடவை அம்மா வெயிலில் நாற்பது நிமிடம் நின்றார்கள். அவர்களுக்குச் சர்க்கரை, முட்டிவலி எல்லாம் உண்டு. இனி ஒருமுறை அப்படி நடக்கக் கூடாது. வழி சொல்லுங்கள்.

செங்கல்பட்டு ரைடர் | ஞாயிறு இரவு

யோசிக்கவே வேண்டாம், கிராங்க் சென்சார். இன்ஜின் சுற்றுவதை ஈசியுவுக்குச் சொல்வது அதுதான். என் வண்டியிலும் இதே கதைதான், சூடானால் எடுக்காது, ஆறினால் எடுக்கும். சென்சார் மாற்றி நாலு வருஷம் ஆகிறது, இன்றுவரை பிரச்சினை இல்லை.

மலைக்கோட்டை | திங்கள் காலை

பெட்ரோலைப் பாருங்கள் சார். 2023இலிருந்து இ20 வந்துவிட்டது, அதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், பானெட்டுக்குள் சூடு அதைத் தாண்டும். பைப்பில் ஆவி அடைத்துக்கொள்கிறது. பழைய கார்களுக்கு இந்தப் பெட்ரோல் ஆகவே ஆகாது.

கோவைப் பட்டறை | திங்கள் மதியம்

தம்பி, முதலில் அந்த ஈசியுவை வாங்காதீர்கள். உங்கள் காலத்து செடான்களில் அது பெரும்பாலும் டேஷ்போர்டுக்கு அடியில், இன்ஜின் சூடு படாத இடத்தில்தான் இருக்கும். போளூரில் நிறுத்திய கால் மணி நேரத்தில் மட்டும் கெட்டுப்போய், ஒரு மணி நேரத்தில் தானாகச் சரியாக அதற்குக் காரணம் இல்லை.

அந்தக் கால் மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஓடும்போது ரேடியேட்டர் தண்ணீர் சுற்றுகிறது, முன்னாலிருந்து காற்று வருகிறது. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும். இன்ஜின் பிளாக்கில் இருக்கும் சூடு போக வழியில்லாமல் மேலே ஏறும். அதனால் பானெட்டுக்குள் வெப்பம் நிறுத்திய பிறகுதான் கூடுகிறது, ஏறக்குறைய இருபது நிமிடம் கூடிக்கொண்டே போகும். இன்ஜெக்டர், அவற்றுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயில், பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயில், சென்சார் எல்லாம் தங்கள் நாளின் அதிகபட்ச சூட்டை ஓடும்போது பார்ப்பதில்லை, நிறுத்தி வைத்திருக்கும்போதுதான் பார்க்கின்றன. அப்புறம் மெல்ல ஆறும். நீங்கள் சொன்ன பத்திலிருந்து நாற்பது நிமிடக் கணக்கு இதோடு அப்படியே பொருந்துகிறது.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது என்பதால் பேட்டரி, செல்ஃப் மோட்டார், எர்த் மூன்றையும் விட்டுவிடலாம். மிச்சம் இருப்பது மூன்றே வழி. ஒன்று, பிளக்குக்குக் கரண்ட் வரவில்லை. இரண்டு, பெட்ரோல் போதவில்லை. மூன்று, பெட்ரோல் அதிகமாகிவிட்டது. செங்கல்பட்டு நண்பர் சொன்ன சென்சார் முதல் வழி, மலைக்கோட்டை சார் சொன்ன ஆவி இரண்டாம் வழி. உங்கள் பதிவில் கரும்புகை என்று இருக்கிறது. அது மூன்றாம் வழியைக் காட்டுகிறது. ஆனால் பன்னிரண்டு நொடி செல்ஃப் அடித்து, எரியாத பெட்ரோல் சேர்ந்தாலும் புகை வரும் என்பதால் அதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது.

35 வருஷமாகப் பார்க்கிறேன், இந்த வகைத் தொல்லையில் பணம் விரயமாவது ஒரே காரணத்தால். வண்டி பட்டறைக்கு வரும்போது நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கும் வண்டியைப் பார்த்து ஸ்பேர் மாற்றுகிறோம். எடுக்காமல் நிற்கும் அந்த நிமிஷத்தில் பார்க்க வேண்டும். வீட்டு வாசலிலேயே வரவழைக்கலாம். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பானெட்டை மூடியே வைத்துக் கால் மணி நேரம் விடுங்கள். எடுக்கவில்லை என்றால் வரிசையாக இவற்றைப் பாருங்கள்:

செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது தூக்குகிறதா? பல வண்டிகளில் கிராங்க் சிக்னல் வந்தால் முள் 200, 300இல் ஆடும். செத்த முள்ளாக இருந்தால் செங்கல்பட்டு நண்பர் சொன்னதுதான் முதல் சந்தேகம்.

ஸ்பார்க் டெஸ்டர் 200 ரூபாய்க்குக் கிடைக்கும், அதை வைத்துக் கரண்ட் பாருங்கள். ஒயரைக் கழற்றி பாடியில் காட்டிப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம், காயிலுக்கும் ஆபத்து, பெட்ரோல் ஆவி இருந்தால் உங்களுக்கும் ஆபத்து.

உடனே ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமா, காய்ந்திருக்கிறதா? இன்ஜின் சூடாக இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வேறொரு நாள், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். அநேக ஈசியுக்கள் அப்போது இன்ஜெக்டரை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் விடும். அதில் எடுத்தால் பெட்ரோல் அதிகம் என்று பொருள். இன்னொரு நாள், செல்ஃப் அடிக்காமல் சாவியை மூன்று முறை ஆன் ஆஃப் செய்துவிட்டு அடியுங்கள். ஒவ்வொரு ஆனுக்கும் பம்ப் இரண்டு நொடி ஓடி அழுத்தம் கூட்டும். அதில் எடுத்தால் அழுத்தம் இறங்கிப்போகிறது என்று பொருள். இரண்டையும் ஒரே நாளில் செய்து குழப்பிக்கொள்ளாதீர்கள்.

யாழ் பயணி | திங்கள் இரவு

கோவை ஐயா சொன்னதோடு இன்னொன்று. இங்கே 90களின் ஜப்பான் வாகனங்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன. என்னுடையதும் அப்படி ஒன்று. வெயிலில் நிறுத்தினால் ஸ்டார்ட் வராது, கதவைத் திறந்து வைத்துக் கொஞ்சம் ஆறவிட்டால் வரும். கடைசியில் பெற்றோல் பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் மெயின் ரிலே. மூடியைக் கழற்றி பூதக்கண்ணாடியில் பார்த்தபோது ஈயம் வைத்த இடத்தைச் சுற்றி மயிரிழை போல வட்டமாக வெடிப்பு. சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுப்போகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. திரும்ப ஈயம் வைத்ததோடு சரி, ஒரு சதம் செலவில்லை. சாவியை ஆன் செய்ததும் பின் சீட் பக்கம் "ம்ம்ம்" என்று இரண்டு விநாடி பம்ப் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துப் பாருங்கள் தம்பி. எடுக்காத நேரத்தில் கேட்கவேண்டும்.

வேலூர் செடான் | புதன் இரவு

எல்லோருக்கும் நன்றி. காட்பாடி வரை ஓட்டிவிட்டு வந்து வாசலில் நிறுத்தினேன். பதினைந்தாவது நிமிடத்தில் எடுக்கவில்லை.

பம்ப் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. ஆர்பிஎம் முள் ஆடுகிறது. டெஸ்டரில் நல்ல நீலப்பொறி. மூன்றாம் சிலிண்டர் பிளக் நனைந்து, கரி படிந்து, பெட்ரோல் வாடையோடு வந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒன்றாம் பிளக்கையும் கழற்றினேன், அது லேசான ஈரம்தான்.

இன்று ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து அடித்தேன். நாலாவது நொடியில் எடுத்தது, கரும்புகையோடு. சாவியை மூன்று முறை போடும் சோதனையை நேற்று செய்தேன், பயன் இல்லை.

அப்படியானால் பெட்ரோல் அதிகம்தானே அண்ணா?

ஓம்விதி | புதன் இரவு

ஆமாம், கரண்ட் பக்கத்தை மூடிவிடலாம். என் பங்குக்கு ஒன்று: கூலண்ட் வெப்ப சென்சார். அது ஈசியுவிடம் "இன்ஜின் குளிர்ந்திருக்கிறது" என்று பொய் சொன்னால், சூடான இன்ஜினுக்குக் காலை நேர அளவுக்கு பெட்ரோல் ஊற்றிவிடும். மீட்டரில் சூட்டு முள் சரியாகத்தான் காட்டுகிறது என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பல வண்டிகளில் முள்ளுக்கு ஒரு சென்சார், ஈசியுவுக்கு வேறொரு சென்சார். முள் சரி என்பதால் மற்றது சரி என்று ஆகாது.

மல்டிமீட்டரில் பார்க்கலாம். இவை சூடாகச் சூடாக மின்தடை குறையும் வகை. 20 டிகிரியில் சுமார் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். சென்சாரில் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். கனெக்டரை மாட்டிவிட்டு ஈசியு முனையிலும் பாருங்கள், கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் அங்கேதான் தடை கூடியிருக்கும். ஓம் பார்க்கும்போது ஈசியு பிளக் கழற்றி இருக்க வேண்டும்.

இன்னொன்று, 2002 வண்டியில் ஸ்கேனர் மாட்டிப் பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். ஸ்கேனரில் பிழையைப் படிக்க வழிசெய்யும் ஓபிடி விதி நம் நாட்டில் 2010 ஏப்ரலில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் இரண்டு முனையை ஒயரால் இணைத்து, இன்ஜின் விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணித்தான் பிழை எண்ணைப் படிக்க வேண்டும். இருந்தாலும் சென்சார் அறுந்துபோனால்தான் அது கண்டுபிடிக்கும், தப்பான அளவு சொல்லும் சென்சாரைக் கண்டுபிடிக்காது.

கோவைப் பட்டறை | வியாழன் காலை

ஓம்விதி சொன்னதை முதலில் செய்யுங்கள், காசில்லாத சோதனை. பெட்ரோல் அதிகமாவதற்கு வேறு மூன்று இடங்களும் உண்டு.

பிரஷர் ரெகுலேட்டர். ரெயிலின் கோடியில் இருக்கும் சின்ன டப்பா, அதிலிருந்து இன்டேக்குக்கு ஒரு மெல்லிய வேக்கம் ஹோஸ் போகும். உள்ளே உள்ள டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் அந்த ஹோஸ் வழியாக நேரே இன்ஜினுக்குள் போகும். ஹோஸைப் பிடுங்கி மோந்து பாருங்கள், உள்ளே ஈரம் இருக்கவே கூடாது.

டேங்க் ஆவியை உறிஞ்சும் கேனிஸ்டர் வால்வு. அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் நிறுத்தியிருக்கும்போது ஆவி இன்டேக்கில் சேரும். கழற்றி வாயால் ஊதினால் போகக் கூடாது.

கடைசியாக இன்ஜெக்டர் ஒழுகல். உங்கள் மூன்றாம் பிளக் மட்டும் அதிகம் நனைந்திருப்பது எனக்கு இதைத்தான் சொல்கிறது.

மலைக்கோட்டை சாருக்கு: எத்தனால் பயம் ஒரு பக்கம் நியாயம். பழைய ரப்பர் ஹோஸ், ஓ-ரிங் இவற்றை அது ஊறவைக்கும், பார்த்து மாற்ற வேண்டியதுதான். ஆனால் ஆவி அடைப்பு கார்புரேட்டர் காலத்தில் இருந்த மாதிரி இதில் வராது. பைப்பில் இரண்டரை, மூன்று பார் அழுத்தம் நிற்கும்வரை பெட்ரோல் அந்தச் சூட்டில் சுலபமாகக் கொதிக்காது, குக்கருக்குள் தண்ணீர் மாதிரி. அழுத்தம் கசிந்து போனால்தான் கொதிக்கும். ஆகையால் அழுத்தம் ஏன் போகிறது என்பதுதான் நம் கேள்வி. இன்னொன்று, ஆவியாகும் தன்மை பத்து சதவீத எத்தனால் கலவையில்தான் உச்சம், இருபதில் அது சற்றே குறையும்.

1973இல் பாஷ் கம்பெனி கொண்டுவந்த கே-ஜெட்ரானிக்கில் பம்புக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு உருளை இருக்கும், அக்குமுலேட்டர் என்பார்கள். இன்ஜின் நின்ற பிறகும் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதன் முக்கிய வேலை, சூட்டில் மறுபடி எடுக்க வேண்டுமே. அந்த வேலையை உங்கள் வண்டியில் மூன்று பொருள்கள் சேர்ந்து செய்கின்றன: பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு, ரெகுலேட்டர், இன்ஜெக்டர் முனைகள்.

வேலூர் செடான் | சனி இரவு

சென்சார்: காலையில் 2,100 ஓம் (அப்போது 28 டிகிரி), சூட்டில் 310. ஈசியு முனையிலும் ஏறக்குறைய அதே. ரெகுலேட்டர் ஹோஸ் காய்ந்து கிடக்கிறது. கேனிஸ்டர் வால்வு ஊதினால் போகவில்லை.

மிச்சம் இன்ஜெக்டர். பிரஷர் கேஜ் செட் ஒன்று 1,900க்கு வாங்கிவிட்டேன். எப்படி மாட்டுவது, என்ன பார்ப்பது என்று சொன்னால் நாளை செய்கிறேன்.

கோவைப் பட்டறை | சனி இரவு

திறந்தவெளியில், இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு மட்டும் ஹோஸைக் கழற்றுங்கள். முதலில் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு இன்ஜினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள், பைப்பில் இருக்கும் அழுத்தம் இறங்கிவிடும். அப்புறம் பேட்டரி நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். செல்போனில் படம் பிடிக்கிறேன் என்று ஒரு கையால் வேலை செய்யாதீர்கள்.

ஃபில்டருக்கும் ரெயிலுக்கும் நடுவில் டீ-இணைப்பு போட்டு கேஜை மாட்டுங்கள். கிளிப்பை நன்றாக முறுக்கி, பேட்டரியை மாட்டி, சாவி ஆன் செய்து ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஐடிலில் சுமார் 2.5 பார் காட்டும். ரெகுலேட்டர் வேக்கம் ஹோஸைப் பிடுங்கினால் 3ஐத் தொட வேண்டும். சூடாக்கி நிறுத்துங்கள், நிமிடக் கணக்கில் எழுதுங்கள். நல்ல வண்டியில் இருபது நிமிடம் கழித்தும் 2 பார் அளவில் நிற்கும்.

இறங்கினால் மூன்று முறை திரும்பச் செய்யுங்கள். ஒருமுறை, நிறுத்தியதும் ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை (மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் வழி) கிளாம்ப் போட்டு அழுத்தி மூடி. அப்போது நின்றால் ரெகுலேட்டர் கசிகிறது. இன்னொரு முறை, டேங்கிலிருந்து வரும் ஹோஸை மூடி. கிளாம்ப் டீ-இணைப்புக்கு டேங்க் பக்கம் இருக்க வேண்டும், இல்லையென்றால் கேஜையும் சேர்த்து மூடிவிடுவீர்கள். அப்போது நின்றால் பம்ப் வால்வு. இரண்டையும் மூடியும் இறங்கினால் இன்ஜெக்டர் தவிர வேறு வழியில்லை. ஹோஸ் வெடிப்பு விட்டிருந்தால் கிளாம்ப் போடாதீர்கள், முதலில் புதிது மாற்றுங்கள்.

வேலூர் செடான் | திங்கள் இரவு

இரண்டு நாள் ஆனது. ஹோஸ் இரண்டும் கல்லாக இருந்தன, புதிது போட்டேன்.

ஐடில் 2.5, ஹோஸ் பிடுங்கினால் 3.0. நிறுத்திய பிறகு:
கிளாம்ப் இல்லாமல்: 5 நிமிடத்தில் 1.1, 10 நிமிடத்தில் 0.3.
ரிட்டர்ன் மூடி: அதே.
டேங்க் பக்கம் மூடி: 5 நிமிடத்தில் 1.4, 10 நிமிடத்தில் 0.6.
இரண்டும் மூடி: 10 நிமிடத்தில் 0.6.

இன்ஜெக்டர்தான், இல்லையா?

ஓம்விதி | திங்கள் இரவு

இன்ஜெக்டர் நிச்சயம். ஆனால் ஒரு எண்ணை விட்டுவிடாதீர்கள். டேங்க் பக்கம் மூடினால் 0.3க்குப் பதில் 0.6. இறங்குவது கொஞ்சம் மெதுவாகிறது. கசிவு ஒரே இடத்தில் இருந்தால் இந்த வித்தியாசம் வரக் கூடாது. பம்ப் பக்கமும் ஏதோ போகிறது, இன்ஜெக்டர் ஒழுகல் பெரிதாக இருப்பதால் அது மறைந்திருக்கிறது.

கோவைப் பட்டறை | செவ்வாய் காலை

நன்றாகக் கவனித்தீர்கள் ஓம்விதி. பெரிய ஓட்டையை முதலில் அடைப்போம், சின்னது தானாகத் தெரியும்.

தம்பி, ரெயிலைக் கழற்றும் வேலையைத் தனியாகச் செய்ய வேண்டாம், கூட ஒரு மெக்கானிக் இருக்கட்டும். ரெயிலை நான்கு இன்ஜெக்டரோடு தூக்கி, இன்ஜெக்டர்களை ஒயரால் ரெயிலோடு கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அழுத்தத்தில் தெறித்துவிடும். காயில் கனெக்டரைக் கழற்றி வையுங்கள். சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள், செல்ஃப் அடிக்கக் கூடாது. நிமிடத்துக்கு ஒரு சொட்டுக்கு மேல் விழக் கூடாது என்பது அந்தக் காலத்து சர்வீஸ் கையேடுகளில் வரும் கணக்கு.

ஆயில் டிப் ஸ்டிக்கையும் மோந்து பாருங்கள். ஒழுகிய பெட்ரோல் பிஸ்டன் ரிங் வழியாக இறங்கி ஆயிலில் கலந்திருக்கும்.

மலைக்கோட்டை | செவ்வாய் காலை

ஒரு சந்தேகம். இன்ஜெக்டர் ஒழுகினால் ராத்திரி முழுக்க ஒழுகுமே, காலையில்தானே அதிகம் தொல்லை தர வேண்டும்?

கோவைப் பட்டறை | செவ்வாய் மதியம்

நல்ல கேள்வி. ரெயிலில் அழுத்தம் இருக்கும்வரைதான் ஒழுகும், அது பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. ஒழுகியது சூடான இன்டேக்கில் ஆவியாகி நிற்கும்போது செல்ஃப் அடித்தால், எரிவதற்குத் தேவையான அளவைத் தாண்டிய கலவை உள்ளே போகிறது. ஒரு மணி நேரத்தில் அந்த ஆவி கலைந்துவிடும். காலையில் இன்ஜினுக்கே அதிக பெட்ரோல் வேண்டும், மிச்சம் மீதி இருந்தாலும் உதவியாகத்தான் இருக்கும். நிறுத்திய ரெண்டு நிமிஷத்தில் எடுப்பதும் இதனால்தான், ஒழுக இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

வேலூர் செடான் | சனி மாலை

பார்த்துவிட்டேன். காட்பாடியில் ஒரு சின்னப் பட்டறை, அந்த மெக்கானிக் பொறுமையாகக் கூட நின்றார். தினசரி காலண்டரில் கிழித்த நாலு தாளை, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கீழே வைத்தோம். சாவி ஆன். ஒன்று, இரண்டு, நாலு காய்ந்தே இருந்தன. மூன்றாவதன் முனையில் ஒரு மணி திரண்டு விழுந்தது, அப்புறம் இன்னொன்று. தாளில் எட்டணா அளவுக்கு ஈரம் பரவி, பின்பக்கம் அச்சடித்திருந்த தேதி அதன் வழியாகத் தெரிய ஆரம்பித்தது. ஒரு நிமிடத்தில் ஆறு சொட்டு. மூன்று வருஷமாகத் தேடியது அந்தத் தாளில் இருந்தது.

நாலையும் அல்ட்ராசோனிக் மெஷினில் போட்டுச் சுத்தம் செய்தோம். ஓடவிட்டுப் பார்த்தபோது நாலு கண்ணாடிக் குழாயிலும் ஒரே மட்டம். ஒழுகல் நின்றது. எத்தனால் தாங்கும் வைட்டான் ஓ-ரிங் போட்டோம். ஆயிலில் பெட்ரோல் வாடை இருந்தது, ஃபில்டரோடு மாற்றியாயிற்று. மொத்தம் 3,400.

கரும்புகை போய்விட்டது. ஆனால் கால் மணி நேரம் கழித்துப் போட்டால் இன்னும் மூன்று, நாலு நொடி சுற்றித்தான் எடுக்கிறது. இப்போது சாவியை மூன்று முறை ஆன் ஆஃப் செய்தால் உடனே எடுக்கிறது!

ஓம்விதி | சனி மாலை

முன்பு அதிகம், இப்போது குறைவு. கேஜை மறுபடி மாட்டுங்கள்.

வேலூர் செடான் | ஞாயிறு இரவு

கிளாம்ப் இல்லாமல் 10 நிமிடத்தில் 0.9, 20 நிமிடத்தில் 0.2. டேங்க் பக்கம் மூடினால் 20 நிமிடம் கழித்தும் 2.3.

அப்படியானால் பம்ப் வால்வு. மூன்று மாதம் முன்பு புதிதாகப் போட்ட பம்ப்!

கோவைப் பட்டறை | ஞாயிறு இரவு

பம்ப் மாற்றியதும் தொல்லை கூடியது போல் இருந்தது என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள். சரியாகத்தான் உணர்ந்திருக்கிறீர்கள். மலிவான பம்புகளில் ஓட்டம் நன்றாக இருக்கும், அந்தக் குட்டி வால்வு மட்டும் சரியாக உட்காராது. பழைய பம்ப் இருக்கிறதா?

வேலூர் செடான் | ஞாயிறு இரவு

இருக்கிறது அண்ணா. புது பம்ப் வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு அப்பா பரணில் வைத்திருக்கிறார். எதையும் தூக்கிப்போட மாட்டார்.

செங்கல்பட்டு ரைடர் | திங்கள் காலை

பழைய பம்புக்குப் போகாமல், பைப்பில் தனியாக ஒரு ஒருவழி வால்வு வாங்கி மாட்டிவிடலாமே? 300 ரூபாய்தான்.

கோவைப் பட்டறை | திங்கள் மதியம்

வேலை செய்யும். ஆனால் வண்டிக்கு அடியில், மூன்று பார் அழுத்தம் இருக்கும் பைப்பை வெட்டி இரண்டு புது இணைப்பு சேர்ப்பது எனக்கு மனசுக்கு ஒப்பாது. கையில் பழைய பம்ப் இருக்கும்போது அவசியமும் இல்லை. அது 22 வருஷத்துப் பொருள் என்பதால் மாட்டிய பிறகு ரிட்டர்ன் ஓட்டத்தை ஒரு கேனில் பிடித்துப் பாருங்கள். 30 நொடியில் அரை லிட்டருக்கு மேல் வந்தால் இன்னும் ஓட்டலாம்.

வேலூர் செடான் | அடுத்த ஞாயிறு மதியம்

போளூரிலிருந்து எழுதுகிறேன். பழைய பம்பைப் புதன்கிழமை மாட்டினோம், ஓட்டம் 30 நொடியில் 700 மில்லி. கேஜ் 20 நிமிடத்தில் 2.2. இன்று அதே டீக்கடை, அதே வெயில், இருபத்தைந்து நிமிடம் நிறுத்தினேன். சாவியைத் திருப்பினேன், ஒரு நொடி. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றிருந்தார்கள், எடுத்த பிறகுதான் ஏறினார்கள். திருவண்ணாமலையிலும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஆற்காடு ரோடு | ஞாயிறு மாலை

இழை முழுக்கப் படித்தேன். என் 2004 ஹாட்ச்பேக்கும் சூட்டில் எடுப்பதில்லை. பிளக் காய்ந்திருக்கிறது, பொறி இல்லை, ஆர்பிஎம் முள் அசைவதே இல்லை. எனக்கும் கேஜ் வேண்டுமா?

கோவைப் பட்டறை | ஞாயிறு இரவு

வேண்டாம். உங்களுக்குச் செங்கல்பட்டு நண்பர் சொன்ன வைத்தியம். எடுக்காமல் நிற்கும்போது கிராங்க் சென்சார் மேல் மட்டும் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். மற்றதெல்லாம் சூடாகவே இருக்கும்போது அதை ஆறவைத்ததும் எடுத்தால் சென்சார்தான். மாற்றும் முன் கனெக்டரையும், பக்கத்தில் ஆயில் கசிகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வேலூர் செடான் | ஞாயிறு இரவு

திருவண்ணாமலையிலும் ஒரே நொடிதான். வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் யாருக்காவது கேஜ் தேவைப்பட்டால் தனிச்செய்தி அனுப்புங்கள். டிக்கியிலேயே வைத்திருக்கிறேன், கிளாம்ப் இரண்டும் டீ-இணைப்பும் சேர்த்துத் தருகிறேன்.